கிளையை ஒதுக்கியது யார்?

இயற்கை உலாக்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. அடிமரத்தில் தலைகீழாகப் பற்றிக்கொண்டு ஓர் ஓணான் இருக்கும். அதே மரத்தடிச் சருகுக்குள் அரணை ஒன்று சரசரவென்று ஓடி மறையும். காய்ந்த பட்டையின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பல்லி ஒட்டிக் கிடக்கும். மூன்றையும் காட்டிவிட்டு, கூட்டிப்போனவர் சொல்வார்: “பாருங்க, ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்லாம இயற்கை எப்படிப் பிரிச்சுக் கொடுத்திருக்கு!” எல்லோரும் தலையாட்டுவோம். போன முறை இதைச் சொன்னவர் பல்லியினங்களை நெடுங்காலமாகக் கவனித்து வரும் நண்பர். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் அந்தப் பேச்சு மனதில் அடங்கவில்லை. பிரித்துக் கொடுத்தது என்றால், எப்போது கொடுத்தது? ஒரு முறை கொடுத்தால் அது நிலைத்த பட்டாவா? பங்காளிகளில் ஒருவர் இல்லாமல் போனால், அல்லது வெளியிலிருந்து இன்னொருவர் வந்து சேர்ந்தால், அந்தப் பங்கு என்ன ஆகும்?

இது வெறும் விவாதத்துக்கான கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று நம்பினால், மரம் போனாலும் அரணைக்குத் தரை இருக்கிறது, சருகை அள்ளினாலும் ஓணானுக்கு மரம் இருக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிட முடியும். ஒன்றின் இடம் இன்னொன்றின் இருப்பைப் பொறுத்தது என்றால் அப்படிச் சொல்ல முடியாது. எது சரி என்று தெரிந்துகொள்ளாமல் எந்த நிலத்தையும் காப்பாற்றுகிறோம் என்று பேசக் கூடாது என்பது என் எண்ணம்.

எவ்வளவு உயரம், எவ்வளவு வெயில்

பிரிவு இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். இதை அளந்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர் ஸ்டான்லி ராண்ட். அவர் எடுத்துக்கொண்டது அனோல் என்ற பல்லியினத்தை. பார்க்க மெலிந்த சிறு ஓணான் போலிருக்கும்; ஆனால் விரல் நுனியில் நம் சுவர்ப்பல்லிக்கு இருப்பது போன்ற ஒட்டும் பட்டைகள் உண்டு. அமெரிக்கக் கண்டங்களிலும் கரீபியத் தீவுகளிலுமாக நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள். போர்ட்டோ ரிக்கோ தீவின் அனோல்களைப் பற்றி 1964-இல் ராண்ட் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் எனக்குப் பிடித்த ஒன்று, ஏனென்றால் அதன் முறை அவ்வளவு எளிது. பல்லி இருந்த இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், அது பற்றியிருந்த தண்டு எவ்வளவு பருமன், வெயிலா நிழலா. இவற்றைக் குறித்துக்கொண்டே போனார். அந்தத் தீவில் பத்து அனோல் இனங்கள் இருக்கின்றன. எல்லாம் மரத்திலும் புதரிலும் வாழ்பவை, எல்லாம் பூச்சி தின்பவை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கூட்டம். உயரம், பருமன், வெயில் என்று வரிசைப்படுத்தியதும் அது தனித்தனியாகப் பிரிந்துவிட்டது.

அடிமரத்தில் இருப்பதற்கு நீண்ட பின்னங்கால்கள். மரத்தைப் பற்றியபடி தலையைக் கீழே தொங்கவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், எறும்போ வண்டோ நகர்ந்தால் பாய்ந்து இறங்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். புல்லிலும் தாழ்ந்த புதரிலும் இருப்பதற்கு ஒல்லி உடலும் மிக நீண்ட வாலும். உச்சியில் பச்சை நிறத்தில் பெரிய இனம் ஒன்று. இவற்றிலெல்லாம் என்னை அதிகம் ஈர்த்தது குச்சியில் வாழ்வது. கால்கள் குட்டை, உடல் பாசி படிந்த சுள்ளியின் நிறம். பென்சிலைவிட மெல்லிய கொம்பில் ஒவ்வோர் அடியாக, காற்றில் அசைகிறதா தானாக நகர்கிறதா என்று தெரியாத மெதுவோடு நடக்கும். ஆள் வந்தால் ஓடாது. குச்சியின் மறுபக்கம் சுற்றிப் போய் அதோடு ஒட்டிக்கொள்ளும். 1965-இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. அவ்வளவு காலமும் பலரும் நடந்து திரிந்த தீவிலேயே அது கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. வேகமாக ஓடும் அடிமரத்துப் பல்லியை அந்தக் குச்சியில் விட்டால் தடுமாறும். குட்டைக் கால் பல்லி அடிமரத்தில் இரையைத் துரத்த நினைத்தால் பட்டினிதான். இடமும் உடலும் அவ்வளவு பொருந்திப் போயிருக்கின்றன.

உயரமும் பருமனும் ஒன்றாகவே இருக்கும் இனங்களும் உண்டு. அவற்றைப் பிரிப்பது வெயில். போர்ட்டோ ரிக்கோவிலேயே, ஒரே வகைக் கால்களோடு அடிமரத்தில் வாழும் இரண்டில் ஒன்று மலைக்காட்டின் அடர்ந்த நிழலை விட்டு வராது. மற்றொன்று திறந்த வெளியில் வெயில் காயும். கியூபாவில் ரொடால்ஃபோ ரூயிபால் 1961-இல் பல்லிகளின் உடல் வெப்பத்தையே அளந்து இதைக் காட்டியிருந்தார். காட்டுக்குள் ஓர் இனம், காட்டு விளிம்பில் ஓர் இனம், வெட்டவெளியில் ஓர் இனம். சில எட்டு நடந்தால் ஒன்றின் எல்லையிலிருந்து மற்றொன்றின் எல்லைக்குப் போய்விடலாம். நமக்கு அது நிழலிலிருந்து வெயிலுக்கு வருவது, அவ்வளவுதான். உடல் வெப்பத்தை வெளியிலிருந்து வாங்கியாக வேண்டிய ஒரு பிராணிக்கு அது வேறு நாடு.

இன்னும் வியப்பான செய்தி, கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய நான்கு பெரிய தீவுகளிலும் ஏறத்தாழ இதே வகைகள் இருப்பது. எல்லாத் தீவிலும் எல்லா வகையும் இல்லை. ஆனாலும் அடிமர வகையும் குச்சி வகையும் உச்சி வகையும் திரும்பத் திரும்ப வருகின்றன. எர்னஸ்ட் வில்லியம்ஸ் இந்த வகைப்பாட்டை 1972-இல் தெளிவுபடுத்தினார். 1998-இல் ஜொனாதன் லோசோஸும் உடன் ஆய்வாளர்களும் மரபணுவை வைத்துப் பார்த்தபோது, ஒரு தீவின் குச்சிப் பல்லிக்கு அடுத்த தீவின் குச்சிப் பல்லி நெருங்கிய உறவில்லை என்று தெரிந்தது. பெரும்பாலும் அந்தந்தத் தீவிலேயே, தனித்தனியாக, அதே பிரிவினை நடந்திருக்கிறது. “பிரித்துக் கொடுத்திருக்கிறது” என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. என் கேள்வியும் இங்கேதான் கூர்மையானது.

மணலில் நாற்பது

மரமே அதிகம் இல்லாத இடத்தில் எப்படிப் பிரித்துக்கொள்ளும்? எரிக் பியாங்கா வாழ்நாளெல்லாம் துரத்திய கேள்வி இது. வட அமெரிக்கப் பாலைகளிலும் தெற்கு ஆப்பிரிக்காவின் கலகாரியிலும் ஆஸ்திரேலியாவின் பெரும் விக்டோரியாப் பாலையிலும் அவர் ஊர்வனவற்றை எண்ணினார், வயிற்றைத் திறந்து தின்றதைப் பார்த்தார், எந்த நேரத்தில் வெளியே வருகின்றன என்று குறித்தார். வட அமெரிக்கப் பாலையில் ஒரே இடத்தில் கூடி வாழும் பல்லியினங்கள் பத்தையொட்டியே நின்றுவிடுகின்றன. ஆஸ்திரேலியச் செம்மணலில் அது நாற்பதைத் தொடுகிறது. இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும் பெரிய உடும்பும் ஒரு சாண் அளவே உள்ள குட்டைவால் உடும்பும் அங்கே ஒரே மணலில் வாழ்கின்றன. எறும்பைத் தவிர வேறெதையும் தொடாத முள் உடம்புப் பல்லி இருக்கிறது. இரவில் மட்டும் வெளியே வரும் பல்லிகள், பகலில் மட்டும் திரியும் அரணைகள், மணலுக்கடியில் நீந்துகிற கால் சிறுத்த அரணைகள் என்று பட்டியல் நீள்கிறது. இதற்கெல்லாம் அடித்தளமாக இருப்பது ஊசி ஊசியாகக் குத்தும் ஒரு வகைப் புல். அது பந்து பந்தாக வளர்கிறது. புற்குவையின் உள்ளே சில இனம், விளிம்பில் சில, இரண்டு குவைகளுக்கு நடுவிலுள்ள வெறும் மணலில் சில. அங்கங்கே தீ எரிந்து, எரிந்த இடமும் வளரும் இடமும் முதிர்ந்த இடமும் அடுத்தடுத்துக் கிடப்பதும் பல இனங்களுக்கு இடம் தருகிறது. உண்பதற்குக் கறையான் குறையாமல் இருக்கிறது.

இடம், உணவு, நேரம். இந்த மூன்றில் எதை வைத்து உயிரினங்கள் அதிகம் பிரிந்துகொள்கின்றன என்று தாமஸ் ஷோனர் 1974-இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். இடம்தான் முதலில் வந்தது, அடுத்து உணவு, கடைசியில் நேரம். நேரம் கடைசியில் வந்தது முதலில் எனக்கு விசித்திரமாகப்பட்டது. பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்பது மிகச் சுத்தமான பாகப்பிரிவினை போலத்தானே தெரிகிறது! யோசித்தால் காரணம் புரிகிறது. பகலில் ஒரு பல்லி தின்று தீர்த்த கறையான் இரவில் வரும் பல்லிக்காகத் திரும்ப முளைக்காது. நேரத்தைப் பிரித்தால் முட்டல் மோதல் குறையும். பானையில் இருப்பது ஒன்றென்றால் பங்கு பிரியவில்லை. இதே ஷோனர் 1968-இல் பிமினி என்ற சிறு தீவின் நான்கு அனோல் இனங்களை ஆராய்ந்தபோது இன்னொன்றைக் கவனித்தார். எந்த இரண்டு ஒரே உயரத்தில், ஒரே பருமனில் அமர்கின்றனவோ, அவை இரையின் அளவில் வேறுபட்டன. ஓர் இனத்துக்குள்ளேயே பெரிய ஆணும் சிறிய பெண்ணும் குஞ்சும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. பிரிவு இனங்களுக்கிடையே மட்டும் நடப்பதில்லை, குடும்பத்துக்குள்ளும் நடக்கிறது.

பக்கத்தில் இருப்பதாலா, பிறப்பாலா

இவ்வளவு அழகான ஒழுங்கைப் பார்த்ததும், போட்டிதான் இதைச் செதுக்கியது என்று முடிவு கட்டத் தோன்றும். பலரும் கட்டினார்கள். ஆனால் இரண்டு இனங்கள் வெவ்வேறு இடத்தில் இருக்கின்றன என்பது, ஒன்றையொன்று தள்ளியதால்தான் அப்படி இருக்கின்றன என்பதற்குச் சான்றாகாது. ஓணான் அசையாமல் காத்திருந்து, கண்ணால் பார்த்து, நாக்கால் ஒட்டி இரையை எடுக்கும். அரணை அலைந்து திரிந்து, நாக்கை நீட்டி மோப்பம் பிடித்து, தாடையால் கவ்வும். இந்த வேறுபாடு அந்த மரத்தடியில் உண்டானதில்லை. லாரி விட் என்ற ஆய்வாளரும் பியாங்காவும் 2005-இல் உலகெங்கும் உள்ள பல்லியினங்களின் உணவை ஒப்பிட்டுச் சொன்னது இதைத்தான்: இன்று தெரியும் வேறுபாடுகளில் பெரும்பகுதி மிகப் பழைய மூதாதையர்களிடமிருந்து வந்த சொத்து. அப்படியானால் ஓணானும் அரணையும் இடைஞ்சல் இல்லாமல் வாழ்வதற்குப் பிரித்துக் கொடுத்தவர் யாரும் தேவையில்லை. ஏற்கெனவே வேறாகிப்போன இரண்டு, ஒரே மரத்தடிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இதற்கு மறுபடி ஒரு பதில் உண்டு. முன்னொரு காலத்தில் போட்டி இருந்தது, அதனால் விலகிக்கொண்டன, அதனால்தான் இப்போது போட்டி கண்ணில் படவில்லை என்பார்கள். ஜோசப் கானல் 1980-இல் இதைக் கடந்த காலப் போட்டியின் ஆவி என்று குறிப்பிட்டு, ஆவியைக் காரணம் காட்டுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள் என்று வற்புறுத்தினார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. போட்டி கண்ணில் பட்டாலும் சான்று, படாவிட்டாலும் சான்று என்றால் அந்த விளக்கத்தை எதனாலும் அசைக்க முடியாது. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அல்லது ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சேர்த்துப் பார்த்தவர்கள் ஸ்டீபன் பகாலாவும் ஜோன் ரஃப்கார்டனும். கரீபியனின் சிறு தீவுகளில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ அனோல் இனங்களே உண்டு. செயின்ட் மார்ட்டின் தீவில் இருக்கும் இரண்டும் உடல் அளவில் நெருக்கமானவை. பக்கத்து செயின்ட் யூஸ்டேஷியஸ் தீவில் இருக்கும் இரண்டில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வேலியடைத்த பகுதிகளில் இவற்றைத் தனியாகவும் சேர்த்தும் விட்டுப் பார்த்து, 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். அளவு நெருங்கிய தீவில் போட்டி கடுமையாக இருந்தது. அளவு விலகிய தீவில் சொல்லும்படியாக இல்லை. நன்றாகப் பிரிந்திருக்கும் இடத்தில் அமைதி. பிரியாத இடத்தில் இன்றும் இழுபறி. இரண்டும் அடுத்தடுத்த தீவுகளில், ஒரே காலத்தில்.

மழை பொய்த்த ஆண்டுகள்

எடுத்துவிட்டுப் பார்த்த சோதனைகளில் ஆர்தர் டன்ஹாம் செய்ததை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதியில், பாறைகளின்மேல் இரண்டு பல்லியினங்கள் வாழ்கின்றன. இரண்டும் பகலில் திரிபவை, காத்திருந்து பூச்சி பிடிப்பவை. சில இடங்களில் ஒன்றை அகற்றினார், சில இடங்களில் மற்றொன்றை அகற்றினார், சில இடங்களை அப்படியே விட்டார். அதோடு நிறுத்தாமல் 1970-களின் நடுவில் தொடர்ந்து பல ஆண்டுகள் கவனித்தார். மழை தாராளமாகப் பெய்த ஆண்டுகளில் அகற்றியதற்கும் அகற்றாததற்கும் வேறுபாடு இல்லை. பூச்சி ஏராளம், யார் இருந்தால் என்ன, போனால் என்ன. மழை பொய்த்த ஆண்டுகளில் கதை மாறியது. வலுவான இனத்தை அகற்றிய பாறைகளில் மற்ற இனம் அதிகம் தின்றது, வேகமாக வளர்ந்தது, எண்ணிக்கையிலும் கூடியது. அகற்றாத பாறைகளில் அது மெலிந்தது. மெலிந்ததை அகற்றிப் பார்த்தபோது வலுவானதற்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. சுமை ஒரு பக்கத்தின் மேல்தான்.

நம் உலாக்கள் நடப்பது பெரும்பாலும் மழை முடிந்து எல்லாம் பச்சையாக இருக்கும்போது. பூச்சி பறக்கும், பறவை கூவும், எல்லாம் நிறைவாக இருக்கும். ஓணானும் அரணையும் பல்லியும் இடைஞ்சல் இல்லாமல் வாழ்வதாகத் தெரிவது அந்த வேளையில் முழு உண்மை. நண்பர் அன்று காட்டியதும் உண்மையே. ஆனால் ஓர் இனத்தின் தலையெழுத்து எழுதப்படுவது மற்ற வேளையில். நிலம் காய்ந்து, பூச்சி ஒடுங்கி, இருக்கும் சில இடுக்குகளில் மட்டும் ஈரம் மிஞ்சும்போது யார் அந்த இடுக்கில் இருக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. அந்த நேரத்தில் பார்க்க ஆளில்லை.

விளக்கடிச் சுவர்

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் கேள்வி முழுதாகத் தீரவில்லை. போட்டி இருக்கிறது, சில வேளைகளில் கடுமையாக இருக்கிறது என்றால், பலவீனமானது எப்படித்தான் தாக்குப்பிடிக்கிறது? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது, யாரும் காட்டைப் பார்க்கப் போகாத ஓர் இடத்தில். சுவரில்.

இரவில் விளக்கடியில் பல்லியை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிச்ச வட்டத்தின் விளிம்பில் ஒரு பல்லி வயிற்றைச் சுவரோடு அப்பிக்கொண்டு கிடக்கும். சிறு அந்து வந்து உட்காரும். பல்லி தலையை மட்டும் திருப்பும். வால் நுனி மெல்ல வளைந்து நெளியும். இரண்டு அடி, நிறுத்தம். மறுபடி இரண்டு அடி. கடைசிப் பாய்ச்சல் கண்ணுக்குத் தெரியாது. அந்து வாயில் இருப்பதுதான் தெரியும். சிறியது ஒன்று வட்டத்துக்கு வெளியே, இருட்டில், சுவரும் கூரையும் சேரும் மூலையில் தலையை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். பெரியது பூச்சியோடு திரும்பும் வேளையில் உள்ளே ஓடிவரும், ஒன்றைப் பிடிக்கும், ஓடிவிடும். பெரியது துரத்தாமலேயே பல முறை சிறியது பின்வாங்குவதைப் பார்க்கலாம்.

நம் வீட்டுப் பல்லி தெற்காசியா, தென்கிழக்காசியப் பகுதிகளைச் சேர்ந்தது. சரக்குகளோடு கப்பலேறி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பசிபிக் தீவுகளில் வேகமாகப் பரவியது. அங்கே அதற்கு முன்பே சுவர்களில் வாழ்ந்துகொண்டிருந்தது சற்றே சிறிய ஒரு பல்லியினம். அதில் பெண்களே உண்டு. ஆணில்லாமலேயே முட்டையிட்டுப் பெருகும். வீட்டுப் பல்லி வந்த கட்டடங்களிலெல்லாம் அந்தச் சிறிய இனம் குறைந்துகொண்டே போனது. ஏன் என்று கென்னத் பெட்ரனும் டெட் கேஸும் 1990-களில் ஹவாயில் பழைய விமானக் கொட்டகைகளுக்குள் கூண்டுச் சுவர்கள் அமைத்து, விளக்கு மாட்டி, பல்லிகளை விட்டுச் சோதித்தார்கள். சண்டைதான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். அவர்கள் கண்டது வேறு. வீட்டுப் பல்லி உடலில் பெரியது, ஓட்டத்தில் வேகமானது. விளக்கைச் சுற்றிக் குவியும் பூச்சியை அது முந்தித் தின்று தீர்த்துவிடுகிறது. மற்றது மெலிகிறது, முட்டை குறைகிறது.

அடுத்து அவர்கள் செய்தது என் கேள்வியின் நடுவே விழுந்தது. அந்த வழுவழுப்பான சுவரில் தடுப்புகளைப் பொருத்தினார்கள். விளக்கு அதேதான், பூச்சி அதேதான், இரண்டு பல்லியினங்களும் அவையேதான். சுவர் மட்டும் தட்டையாக இல்லை. மேடும் மறைவுமாக ஆனது. 1998-இல் வந்த முடிவு: போட்டியின் கடுமை பெருமளவு குறைந்தது. தட்டைச் சுவரில் வேகம் எல்லாவற்றையும் தீர்மானித்தது; எங்கே பூச்சி உட்கார்ந்தாலும் பெரிய பல்லியால் பார்க்க முடிந்தது, நேராக ஓட முடிந்தது. தடுப்புகள் வந்ததும் அந்த வேகத்துக்குப் பழைய பலன் இல்லை. பூச்சிகளை அது முன்போல வாரித் தீர்க்க முடியவில்லை.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் வேறெதையும் செய்யவில்லை. இடத்தை யாரோ பிரித்துக் கொடுக்கிறார்களா, போட்டி பிரிக்கிறதா என்றே அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரில் சேர்ந்து வாழ முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்தது சுவரின் மேடு பள்ளம். இடத்தின் பரப்பளவு கூடவில்லை. உணவு கூடவில்லை. யாரும் நல்லவராகவும் மாறவில்லை. இடுக்கும் மறைவும் இருந்தால், வலுவானதன் வலு எல்லா இடத்துக்கும் எட்டாது. எட்டாத இடத்தில் மற்றொன்று பிழைத்துக்கொள்கிறது. போர்ட்டோ ரிக்கோவின் மரமும் ஆஸ்திரேலியாவின் புற்குவையும் இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன என்று அப்போது தோன்றியது. பத்து இனத்தைத் தாங்குவது மரம் என்ற ஒரு பொருள் இல்லை. அடிமரம், பிளவு, மெல்லிய கொம்பு, இலை நிழல், வெயில் விழும் பட்டை என்று அது மடிந்து கிடக்கும் விதம்.

மூன்றாவது ஆள் வந்தால்

மடிப்புகள் இருந்தாலும் போதாது, அவற்றை எட்ட முடிய வேண்டும். பஹாமாஸில் ராபர்ட் பிரிங்கிளும் குழுவினரும் பதினாறு சிறு தீவுகளில் செய்து 2019-இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பழுப்பு அனோல் தரைக்குப் பக்கத்தில் வாழ்வது, பச்சை அனோல் மேலே வாழ்வது. இரண்டு மட்டும் இருந்த தீவுகளில் அவை சேர்ந்து வாழ்ந்தன. தரையில் திரிந்து அனோல்களையே பிடித்துத் தின்னும் சுருட்டைவால் பல்லியைக் கொண்டுவந்த தீவுகளில், பழுப்பு அனோல் உயிருக்குப் பயந்து மரத்தில் ஏறிக்கொண்டது. மேலே ஏற்கெனவே பச்சை இருக்கிறது. இப்போது இரண்டுக்கும் ஒரே கிளை, ஒரே பூச்சி. பச்சையின் எண்ணிக்கை சரிந்தது. கொன்று தின்னும் பிராணி வந்தால் போட்டியாளர்கள் குறைந்து மற்றவற்றுக்கு நல்லது நடக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இங்கே தரை என்ற ஒரு தளம் மூடப்பட்டதால் மேல்தளத்தில் நெரிசல் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் நிலையாக எழுதப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியாது.

ஓடி ஒளிய மேலே இடம் இருந்த இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவின் கடற்கழியொன்றில், வாய்க்கால் தோண்டிய மண் குவிந்து உண்டான குட்டித் தீவுகள் இருக்கின்றன. அங்கே பச்சை அனோல் மட்டும் இருந்தது. 1995-இல் சில தீவுகளில் பழுப்பு அனோலை ஆய்வுக்காக விட்டார்கள். சில மாதங்களிலேயே பச்சை மேலே ஏறிவிட்டது. 2010-இல் யோயல் ஸ்டூவர்ட்டும் மற்றவர்களும் போய்ப் பார்த்தபோது, பழுப்பு வந்துவிட்ட தீவுகளில் பச்சை அனோலின் விரல் பட்டைகள் பெரிதாகி, அவற்றின் வரிகளும் கூடியிருந்தன. மெல்லிய, வழுக்கும் உயரக் கிளைகளைப் பற்ற அது உதவும். இரு வகைத் தீவுகளின் தாய்ப் பல்லிகளுடைய முட்டைகளையும் ஆய்வகத்தில் ஒரே சூழலில் பொரிக்க வைத்து வளர்த்தும் வேறுபாடு போகவில்லை; அது பிறப்பிலேயே வந்துவிட்டது. சுமார் இருபது தலைமுறை, பதினைந்து ஆண்டு. அண்டை வீட்டுக்காரர் மாறியதற்கு ஒரு பல்லியின் கால் பதில் சொல்லியிருக்கிறது. ஜோசப் கானல் ‘ஆவி’ என்று சொன்னது இந்தத் தீவுகளில் உடம்போடு நின்றது.

ஆனால் அந்தப் பச்சை அனோலுக்கு ஏறிக்கொள்ள மரம் இருந்தது. அதை மறந்துவிடக் கூடாது. பசுமையாக்குகிறோம் என்று ஒரே வயது, ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டு, தாழ்ந்த கிளையைக் கழித்து, புதரை வெட்டி, சருகைக் கூட்டி, பட்டுப்போன மரத்தை அகற்றி, கல்குவியலைச் சமன் செய்கிற இடங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தட்டைச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. பரப்பளவைக் கேட்டால் குறையவில்லை என்பார்கள். மரங்களை எண்ணினால் கூடியிருக்கும். அங்கே ஓர் ஓணான் இனம் எப்போதும் இருக்கும், பெரும்பாலும் மனிதர்களோடு பழகிப்போன வலுவான இனம். பட்டை இடுக்கில் இருந்தது, சருகில் இருந்தது, கல்லடியில் இருந்தது எல்லாம் எங்கே போயின என்று கேட்க ஆள் இருக்காது. பட்டுப்போய் நிற்கும் மரத்தை, ஆபத்தில்லாத இடத்தில், அப்படியே விட்டுவைக்கச் சொல்லி நான் எங்கும் வாதாடுவேன். பட்டை உரிந்து பொத்தல் விழுந்த மரம், பல்லிகளைப் பொறுத்தவரை உயிரோடு நிற்கும் பத்து இளமரத்துக்குச் சமம் என்பது என் கணிப்பு.

நண்பரிடம் இதையெல்லாம் பேசினேன். அவர் மறுக்கவில்லை, “அப்ப எழுதி வைச்சுப் பாருங்க, சும்மா பேசாம” என்றார். சரியான பேச்சு. அதனால் படிப்பவர்களையும் அழைக்கிறேன். உங்களுக்குப் பழக்கமான ஒரே இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மரமோ, கல்குவியலோ, சுவரோ எதுவானாலும் சரி. பல்லியினம் எது என்று பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படம் எடுத்துக்கொண்டால் பின்னால் கேட்டுக்கொள்ளலாம். முதல் பார்வையில் அது எங்கே இருந்ததோ அந்த இடத்தை மட்டும் குறியுங்கள். நம்மைப் பார்த்து நகர்ந்த பிறகு இருக்கும் இடம் கணக்கில் சேராது. தரையிலிருந்து உயரம், தண்டின் பருமன், வெயிலா நிழலா, மணி என்ன, பெரியதா குஞ்சா. பக்கத்தில் வேறு இனம் இருந்தால் எவ்வளவு தூரத்தில் என்பதையும். மழைக்குப் பிந்தைய மாதங்களில் இது சுலபம். பூச்சி குறைந்த காய்ந்த மாதங்களில் பாதி நாள் எதுவும் கண்ணில் படாது. அந்த நாட்களையும் விடாமல் குறியுங்கள். டன்ஹாமின் பாறைகளில் வேறுபாடு தெரிந்தது அப்படிப்பட்ட காலத்தில்தான்.